செகண்ட் கியர் அரைக்கிறது, சேலத்தில் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் செகண்டுக்கு இறக்கும்போது கர்ரென்று அரைக்கிறது. மற்ற கியர்கள் சரியாக விழுகின்றன. ரிவர்ஸும் சத்தமில்லாமல் விழுவதால் கிளட்ச் மேல் சந்தேகம் இல்லை.

நேற்று கியர் ஆயிலை இறக்கினேன். விரலில் தேய்த்துப் பார்த்தால் பித்தளைத் தூள் பொன் மாதிரி மின்னுகிறது. கியர் சத்தமில்லாமல் விழ வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை வளையமான சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வேண்டும். முன்பு ஒரு கடையில் ஜிஎல்-5 என்ற தரத்துக் கியர் ஆயில் ஊற்றியிருந்தார்கள். அது பித்தளையை அரிக்கலாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அப்பா ஓட்டிய வண்டி, அதனால் நானே வீட்டில் பிரித்துச் சரிசெய்ய ஆசை. கியர்பாக்ஸை இறக்கிவிடுவேன், ஷாஃப்டிலிருந்து பேரிங்கைக் கழற்றப் புல்லர்தான் இல்லை. அஸ்தம்பட்டி பக்கம் வாடகைக்குக் கிடைக்குமா? ரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, அதோடு சேர்ந்து வேலை செய்யும் ஹப், ஸ்லீவையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா? பிரித்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.