பெரிய ஜார் போட்டால் மிக்ஸி நின்றுவிடுகிறது, ஆர்மேச்சர் போய்விட்டதா?

தேனிக்காரன்:
750 வாட் மிக்ஸி, வாங்கி ஆறேழு வருடம் ஆகிறது. சின்ன ஜாரில் சட்னி அரைத்தால் ஒரு குறையும் இல்லை. பெரிய ஜாரைப் போட்டால் 'உர்ர்' என்று உறுமிவிட்டு நின்றுவிடுகிறது, லேசாகக் கருகல் வாடையும் வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து அடியில் உள்ள சிவப்பு பட்டனை அமுக்கினால் ஓடும், அப்புறம் அதே கதை. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றும் கம்பிச்சுருள்) போச்சு, 1,500 ஆகும் என்கிறார். கொடுக்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா?

அம்மிக்கல்:
இரண்டும் வேண்டாம், பொறுங்கள். சிவப்பு பட்டன் ஓவர்லோடு சுவிட்ச். மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் அது தானாகத் துண்டித்துவிடும். ஏன் இழுக்கிறது என்பதுதான் கேள்வி, பெரிய ஜாரில் மட்டும்தான் தகராறு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஜாரைக் கழற்றிக் கவிழ்த்து, அடியில் இருக்கும் கப்ளரை, அதாவது மோட்டாரோடு பிணையும் பல்லுள்ள பாகத்தை, விரலால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்ற வேண்டும்.

வயர்மேன்:
சின்ன ஜாரில் சுமையே குறைவுதானே, அதை வைத்து மோட்டார் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. ஜாரே இல்லாமல் ஓடவிட்டு, அடியில் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். சின்னச் சின்ன நீலப் பொறி சகஜம். வட்டமாக நெருப்பு சுற்றினால் கார்பன் பிரஷ் (ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம், இல்லை கடைக்காரர் சொன்னதே சரியாக இருக்கலாம். பிரஷ் என்றால் செலவு கொஞ்சம்தான்.

தேனிக்காரன்:
ஜார் இல்லாமல் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, பொறி பெரிதாக இல்லை. ஆனால் பெரிய ஜாரின் கப்ளர் கையால் அசையவே மாட்டேன் என்கிறது, இடுக்கி போட்டுத்தான் திருகினேன். பிளேடுக்கு அடியில் கறுப்பாக ஏதோ கசிந்திருக்கிறது.

அம்மிக்கல்:
அதேதான். வாஷர் தேய்ந்து, மாவுத் தண்ணீர் புஷ்ஷுக்குள் (பிளேடின் தண்டு சுற்றும் உலோகக் குழல்) இறங்கிக் காய்ந்து, தண்டைப் பிடித்துக்கொண்டது. சுடுதண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் இன்றைக்கு ஓடும். ஆனால் அந்தக் கறுப்பு, புஷ்ஷும் தண்டும் உரசித் தேய்ந்த உலோகம், அரைப்பதில் கலந்துவிடும். அதனால் எண்ணெயோடு விடாமல் ஜாரை மட்டும் கொண்டுபோய் புஷ், தண்டு, வாஷர் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புஷ்ஷை வீட்டில் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கோணிக்கொள்ளும், அந்த வேலை மட்டும் கடைக்காரருக்கு.

வயர்மேன்:
சரி, ஜார்தான், ஒத்துக்கொள்கிறேன். இறுகிய ஜாரோடு ஓட்டியதில் மோட்டார் மேல் இருக்கும் கப்ளரின் பல்லும் தேய்ந்திருக்கும், பாருங்கள். மாற்றுவதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள். பெரும்பாலான மிக்ஸியில் அது தலைகீழ் மரை, வலப்பக்கம் திருகினால்தான் கழலும். வழக்கம்போல இடப்பக்கம் திருகி உடைத்தவர்கள் ஏராளம்.