1,370 சீட்டு எங்கே போனது?

மேலத்தெரு வீடு (குழு)
3 மே 2025, சனி

கவிதா (பெர்த், மேற்கு ஆஸ்திரேலியா), 9:12: ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாச்சு. பச்சைச் சீட்டு கீழவைக்கு, வெள்ளைச் சீட்டு செனட்டுக்கு. வெள்ளையை விரித்தால் தலைவாழை இலை மாதிரி நீளம்.

பெரியப்பா, 9:15: ராஜ்யசபாவுக்கு நீயே நேரடியாக ஓட்டுப் போடுகிறாயா? இங்கே எம்.எல்.ஏ.க்கள்தானே போடுவார்கள்?

கவிதா, 9:17: இங்கே மக்கள்தான் பெரியப்பா. மாநிலம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றுக்கும் 12 செனட்டர். இந்தத் தடவை அதில் பாதி, 6 இடம். சீட்டின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு மேலே என்றால் கட்சிகளுக்கு 1 முதல் 6 வரையாவது எண் போட வேண்டும். கீழே என்றால் ஆள் ஆளாகப் பார்த்து 12 வரை.

செந்தில், 9:18: போகாமல் தூங்கிவிட்டால்?

கவிதா, 9:18: 20 டாலர் அபராதம் தம்பி.

அத்தை, 9:20: சாப்பிட்டாயா கவி?

கவிதா, 9:22: பள்ளிக்கூட வாசலில் ரொட்டிக்குள் சாஸேஜ் வைத்து விற்பார்கள் அத்தை. ஆனால் இங்கே தேர்தல் சனிக்கிழமைதானே வரும். வதக்கின வெங்காயம் மட்டும் வைத்து ஒன்று வாங்கினேன் 😄

அத்தை, 9:22: நல்ல பிள்ளை 🙏

செந்தில், 9:24: அக்கா, உங்கள் ஊரில் ஓட்டுச்சீட்டு தொலைந்த கதையைப் பெரியப்பாவுக்குச் சொல்லுங்கள்.

பெரியப்பா, 9:24: தொலைந்ததா?!

கவிதா, 9:31: 2013 செனட் தேர்தல். அப்போது கட்சிக்கு நேரே 1 மட்டும் போட்டால் போதும், குறைந்த ஓட்டு வாங்கியவர் வெளியேறினால் அந்த ஓட்டு அடுத்து யாருக்குப் போக வேண்டும் என்ற வரிசையைக் கட்சியே எழுதிக் கொடுத்திருக்கும். எண்ணிக்கையின் நடுவே ஜெயிக்கவே போகாத இரண்டு குட்டிக் கட்சிகளுக்குள் 14 ஓட்டு வித்தியாசம். அதில் யார் முதலில் வெளியேறுகிறார் என்பதை வைத்துக் கடைசி இரண்டு இடமும் ஆள் மாறும். மறு எண்ணிக்கை வைத்தார்கள். பார்த்தால் 1,370 சீட்டைக் காணோம். இருந்ததை எண்ணினால் 12 ஓட்டில் முடிவு தலைகீழ். லேபர் கட்சியின் லூயிஸ் பிராட்டும் பால்மர் கட்சியின் டியோ வாங் என்பவரும் வெளியே, கிரீன்ஸ் கட்சியின் லட்லமும் ஸ்போர்ட்ஸ் பார்ட்டிக்காரரும் உள்ளே. அந்த ஸ்போர்ட்ஸ் பார்ட்டி வாங்கியது வெறும் 0.23 சதவீதம்!

பெரியப்பா, 9:33: அப்புறம்?

கவிதா, 9:35: நீதிமன்றம் ஆறு இடத்தையும் ரத்து செய்தது. 2014 ஏப்ரல் 5 அன்று மாநிலம் முழுக்க மறுபடியும் வரிசையில் நின்றோம். லட்லமும் டியோ வாங்கும் ஜெயித்தார்கள். 2016-இல் அந்தக் கட்சி எழுதிக் கொடுக்கும் முறையையே எடுத்துவிட்டார்கள்.

பெரியப்பா, 9:38: நான் தேர்தல் வேலைக்குப் போனபோதெல்லாம் ஜீப் வரும்வரை வாக்குப்பெட்டி மேலேயே உட்கார்ந்திருப்பேன். ஒன்றுக்குப் போவதென்றால் ஏட்டய்யாவை உட்கார வைத்துவிட்டுத்தான் போவேன்.

அத்தை, 9:39: இதை நூறு தடவை சொல்லியாச்சு அண்ணா.

பெரியப்பா, 9:40: கவிதா, அந்தச் சீட்டெல்லாம் கடைசியில் கிடைத்ததா இல்லையா?

கவிதா, 9:41: இல்லை பெரியப்பா.

பெரியப்பா, 9:41: பழைய பேப்பர்காரரிடம் கேட்டார்களா?