வயர் ஃபொக்ஸ் டெரியருக்கு முடி எடுக்கிறது: மிசினா, கையாலயா?

கல்லடி வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில இருந்த எங்கட பெரியண்ணன் குடும்பத்தோட வெளிநாடு போகக்குள்ள அவங்கட நாயை எங்களிட்ட விட்டிட்டுப் போனவர். வயர் ஃபொக்ஸ் டெரியர், கடுவன், 4 வயசு. பேர் ரொக்கி. வெள்ளை உடம்பு, முதுகில பெரிய கறுப்புத் திட்டு, தலையும் காதும் மண்ணிறம்.

வந்த புதுசில முதுகைத் தடவினா தும்புத்தடியைத் தடவின மாதிரி விறைப்பா இருக்கும். முடி வளந்திட்டு எண்டு ஒரு இடத்தில காசு குடுத்து வெட்டுவிச்சம். அவங்க ஒண்டும் கேக்காம மிசினால ஒட்ட வழிச்சிட்டாங்க. மறுகா வந்த முடி மெத்தெண்டு சுருண்டு வருது. கறுப்பா இருந்த முதுகு சாம்பல் நிறமாகிட்டு. முந்தி மண்ணில புரண்டிட்டு வந்து ஒரு உதறு உதறினாப் போதும், இப்ப கச்சான் காத்துக்குப் பறக்கிற புழுதி முழுக்க முடிக்குள்ள நிக்குது. குளிப்பாட்டினா அரை நாளாகியும் அடிமுடி காயுதில்ல.

அக்கம் பக்கத்தில எல்லாரும் "இந்த வெயிலுக்கு மொட்டையா வழிச்சு விடு புள்ள, பாவம்" எண்டு சொல்றாங்க. அண்ணன் போனில சொல்றார், இந்த இனத்துக்கு முடியைக் கையால பிடுங்கித்தான் எடுக்க வேணுமாம். அதைக் கேட்ட நேரத்திலயிருந்து அம்மா ஏசுறா, வாயில்லாச் சீவன்ட முடியைப் பிடுங்கிப் பாவத்தைத் தேடாத எண்டு.

உண்மையிலேயே கையால எடுக்கிறதா? நோகாதா? அதுக்கெண்டு சாமான் ஏதும் வேணுமா? மட்டக்களப்பில எந்தக் கடையில கேட்டாலும் சாதாரண சீப்பும் ஷாம்புவும்தான் கிடக்கு. தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்க.

---

ஆரையம்பதி மணல்ரோட்டு:

தங்கச்சி, முதல்ல அம்மாட்டச் சொல்லுங்க, சரியா எடுத்தா நோகாது. நாய் துள்ளினா, ஒண்டில் முடி இன்னும் பழுக்கல்ல (வளந்து முடிஞ்சு கழரத் தயாராகல்ல), இல்லாட்டி இழுக்கிற ஆள் ஒரே பிடியில கனக்கப் பிடிச்சிட்டார்.

நான் லண்டனில நாய்களுக்கு முடி எடுக்கிற கடையொண்டில கன வருசம் வேலை செய்துபோட்டு இப்ப ஊரோட வந்திட்டன். எயார்டேல், வெல்ஷ், போர்டர், ஸ்கொட்டி எண்டு கம்பி முடி டெரியர்கள் கனக்க என்ட கையால போயிருக்கு. எனக்கு மிச்சம் விருப்பமான வேலை இது. நம்மட பக்கம் ஒரு ஆள் இதைக் கேட்டது பெரிய சந்தோசம், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறன்.

ரொக்கிக்கு ரெண்டு அடுக்கு முடி. மேல கம்பி முடி, உள்ளுக்க மெல்லிய அடிமுடி. கம்பி முடியில ஒண்டைப் பிடுங்கி வெள்ளைக் கடதாசியில வைச்சு வெளிச்சத்தில பாருங்க. நுனிப் பக்கம் தடிச்சு, நிறம் கூடி இருக்கும். வேர்ப் பக்கம் போகப் போக மெலிஞ்சு வெளிறிக் கிடக்கும். மிசின் அந்தத் தடிச்ச நுனியை வெட்டிக் கொட்டிப்போட்டு மெலிஞ்ச அடியைத்தான் தோலில விடுது. கறுப்பு சாம்பலானது அதாலதான். அதோட, வளந்து முடிஞ்ச முடியின்ட வேர் தோலுக்குள்ளேயே நிக்கும். அது வெளியால வந்தாத்தான் அந்தக் குழியிலயிருந்து புதுக் கம்பி முடி பழைய நிறத்தோட கிளம்பும். நரி மாதிரிப் பிராணிகளைத் துரத்தி முள்ளுப் பத்தைக்குள்ளயும் பொந்துக்குள்ளயும் பூருறதுக்கெண்டு வளத்த நாய் இது. ஈரமும் மண்ணும் தோலுக்குப் போகாம மறிக்கத்தான் அந்தக் கம்பி.

வெயிலுக்கு மொட்டை போடுறது பற்றி: நாய் மனிசர் மாதிரி உடம்பால வேர்க்கிறதில்ல. வாயைத் திறந்து இளைச்சுத்தான் சூட்டை வெளியேத்தும், கால் மெத்தையில மட்டும் கொஞ்சம் வேர்க்கும். ஒட்ட வழிச்சா அதுக்குக் குளிர்ச்சி கிடைக்கும் எண்டு நினைக்க வேணாம். வெள்ளை முடிக்குக் கீழ இருக்கிறது ரோஸ் நிறத் தோல், கல்லடிக் கடற்கரை வெயிலுக்கு எரிஞ்சு போயிடும். நிழலும் தண்ணியும் குடுங்க, நடக்கக் கூட்டிப் போறதை விடியக்காலையில வைச்சுக்கொள்ளுங்க.

இனி வேலைக்கு வாறன்.

பழுத்திட்டுதா எண்டு பாக்கிறதுதான் முதல் வேலை. முதுகெலும்பு வழிய முடி தானாப் பிரிஞ்சு விழும், அங்கங்க எழும்பி நிக்கும். பின்கழுத்துக்குக் கீழ, ரெண்டு தோள் எலும்புக்கும் நடுவில, நாலஞ்சு முடியின்ட நுனியை மட்டும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலின்ட பக்கத்துக்கும் இடையில பிடிச்சு இழுங்க. தோல் கூட எழும்பாம சும்மா கழண்டு வந்தாப் பழுத்திட்டு. தோலும் சேந்து கூடாரமா எழும்பினா விட்டிடுங்க, இன்னும் ரெண்டு மூண்டு கிழமை போகட்டும்.

எடுக்கக்குள்ள இடக்கையால தோலை இறுக்கி விரிச்சுப் பிடிக்க வேணும். இதை விடாம செய்யுங்க, நோகாம எடுக்கிறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இந்த இடக்கைதான். வலக்கையால நுனியைப் பிடிச்சு, முடி எந்தப் பக்கம் படிஞ்சிருக்கோ அந்தப் பக்கமாவே இழுங்க. மேல் நோக்கியோ எதிர்ப் பக்கமாவோ இழுக்கப்படாது. மணிக்கட்டை மடிக்காம முழங்கையிலயிருந்து இழுத்தா கையும் உளையாது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. நல்லாப் போகுது எண்டு ஒரு பிடி முடியைச் சேத்துப் பிடிச்சீங்கண்டா நாய்க்கு நம்பிக்கை போயிடும், அதைத் திருப்பி எடுக்கிறது லேசில்ல.

சாமானுக்கு அலைய வேணாம். காசு எண்ணுற ஆக்கள் விரலில மாட்டுற ரப்பர் உறை புத்தகக் கடையில இருக்கும், அதில ரெண்டு வாங்குங்க. இல்லாட்டி பழைய ரப்பர் கையுறையின்ட விரலை வெட்டி மாட்டுங்க. வழுக்கினா வெண்கட்டியைப் பொடியாக்கி முடியில தடவுங்க. ஸ்ட்ரிப்பிங் கத்தி எண்டு ஒண்டு இணையத்தில விக்கிறாங்க. பேருக்குக் கத்தி, ஆனா அது முடியைப் பிடிக்கத்தான் உதவும். பழகாத கை அதைக் கிறுக்கினா முடி வெட்டுப்படும், மிசின் போட்ட கதைதான். விரலாலயே தொடங்குங்க.

எடுக்கிறதுக்கு முதல் குளிப்பாட்டாதீங்க. குளிச்ச முடி மெதுவாகி வழுக்கும், பிடி கிடைக்காது. எடுத்த பிறகும் தோல் ஆற ரெண்டு மூண்டு நாள் விடுங்க.

எல்லா இடத்திலயும் பிடுங்கிறதும் இல்ல. கழுகு மாதிரிக் கண்ணை வைச்சுக்கொள்ள வேண்டிய இடங்கள் தொண்டை, வயிறு, உள்தொடை, பின்பக்கம். அங்க தோல் மெல்லிசு, முனை மழுங்கின கத்தரிக்கோல் போதும். கழுத்து, முதுகு, விலா, வாலின்ட மேல்பக்கம், தலை உச்சி, இதெல்லாம் கையால. தாடியையும் புருவத்தையும் கால் முடியையும் வளர விட்டு, நீட்டி நிக்கிறதை மட்டும் எடுங்க.

மிசின் போட்டதால முதல் தரம் பிடிவாதமாத்தான் வரும், எடுத்த பிறகும் முழுக்க விறைப்பு வராது. ரெண்டு மூண்டு சுற்றுக்குப் பிறகுதான் பழைய முதுகைக் காணுவீங்க. ஒரே நாளில முடிக்க நினைக்காதீங்க. ஒரு நாள் கழுத்து, இன்னொரு நாள் ஒரு பக்க விலா எண்டு போங்க.

காலத்தையும் பாருங்க. முழுசா எடுத்தா புது முடி வர 8 தொடக்கம் 12 கிழமை வரை போகும். ஆடி, ஆவணியில எடுத்தீங்கண்டா கார்த்திகை மாரிக்கு முதல் கம்பி முடி வந்து மூடிடும், மழைத்தண்ணி உள்ளுக்க இறங்காது. ஐப்பசிக்குப் பிறகு முழுசா எடுத்தா ஈரமும் நுளம்பும் வெறுந்தோலைப் பதம் பாக்கும். எடுத்த புதுசில பகல்ல வெளிய விடுறதெண்டா பழைய பனியன் ஒண்டைக் காலுக்கு ஓட்டை போட்டு மாட்டி விடுங்க.

கண்காட்சிப் படங்களைப் பாத்து மனம் விடவும் வேணாம். நியூயோர்க்கில நடக்கிற வெஸ்ட்மின்ஸ்டர் நாய்க் கண்காட்சியில ஆகக் கூடுதலா முதலிடம் எடுத்தது இந்த இனம்தான், 2019இல வெண்டது 15ஆவது தரம். அந்த நாய்களுக்குப் பின்னால முழுநேரமா நிக்கிற ஆக்கள் இருக்கிறாங்க. நமக்கு ரொக்கியின்ட தோல் சுகமா இருந்தாப் போதும்.

---

காரைதீவு:

நான் கால்நடைச் சிகிச்சை நிலையமொன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன். மேலே அண்ணன் எழுதியதோடு தோல் சம்பந்தமாகச் சிலதைச் சேர்க்க வேண்டும்.

முடி எடுக்கும் நேரம்தான் தோலை விரல் விரலாகப் பார்க்கக் கிடைக்கும் நேரம். சிவப்பு, கொப்புளம், ஈரமான புண், பொடுகு ஏதும் கண்டால் அந்த இடத்தில் கை வைக்க வேண்டாம். முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கள் பகுதியில் பெரிய தொல்லை உண்ணி. காதின் உட்புறம், கழுத்துப் பட்டிக்குக் கீழ், விரல் இடுக்கு, வால் அடி, இந்த நான்கு இடங்களையும் தவறாமல் பாருங்கள். கண்டால் கூர்மையான சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் பூசும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம், தோல் வெந்துவிடும், நக்கினால் வயிற்றுக்கும் கேடு. உண்ணியால் பேபீசியா, எர்லிக்கியா என்ற இரத்த நோய்கள் வரும். நாய் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால், பல் முரசு வெளிறினால், சிறுநீர் கடும் நிறமாகப் போனால், மூக்கால் இரத்தம் வந்தால் அன்றைக்கே கொண்டு போங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்ட நாய்கள் வந்து சேரும்போது எங்களுக்கே மனம் கேட்பதில்லை.

கழுத்தில் விடும் உண்ணி மருந்து பாவிக்கிறீர்கள் என்றால், முடி எடுத்த அன்றே விட வேண்டாம். தோல் ஆறட்டும். எத்தனை நாள் இடைவெளி என்பதை மருந்தைத் தரும் வைத்தியரிடமே கேளுங்கள்.

---

கோட்டைமுனை:

நான் கொஞ்சம் மாறித்தான் சொல்லுவன். எங்கட வீட்டில இருக்கிறதும் கம்பி முடிக் கலப்பு, 12 வயசு. இடுப்பு வருத்தம், கன நேரம் நிக்கேலாது. நலமடிச்ச பிறகு முடியும் மெதுவாகிட்டு, பிடுங்கினா வாறதில்ல. மிசின்தான் போடுறம், ஆனா ஒட்ட வழிக்காம ஒரு விரல் அகலத்துக்கு விட்டு. நிறம் போகும்தான், அதுக்கு அதைப் பற்றிக் கவலையில்ல. எல்லா நாய்க்கும் கையாலதான் எண்டு பிடிவாதம் பிடிக்கிறது சரியில்ல.

---

ஆரையம்பதி மணல்ரோட்டு:

நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி அண்ணன். வயசு போன நாய்க்கும், வருத்தக்கார நாய்க்கும், நலமடிச்சு முடி மாறின நாய்க்கும் மிசின்தான் இரக்கம். ரொக்கிக்கு 4 வயசுதானே, அதாலதான் கையால எடுக்கச் சொன்னன்.

---

கல்லடி வாவிக்கரை:

எல்லாருக்கும் மிச்சம் நன்றி. நேற்றுப் பின்னேரம் விறாந்தையில பழைய மேசையைப் போட்டு, மேல ரப்பர் பாய் விரிச்சுத் தொடங்கினன். பின்கழுத்தில முடி லேசா வந்திட்டு. ரொக்கி கொஞ்ச நேரம் கிறுகிக் கிறுகிப் பாத்திட்டு அப்பிடியே தலையை என்ட முழங்கையில வைச்சிட்டான். அம்மா பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து பாத்திட்டு, கடைசியில தானே முடியைக் கூட்டி அள்ளினா. விலாவில முடி இழுபட்டு வந்திச்சு, அதால விட்டிட்டன்.

இன்னும் ரெண்டு விசயம். சோத்தோட மீன் ஆணம் போட்டுக் குடுக்கிறம், தாடியெல்லாம் மஞ்சளாகி நாறுது. மற்றது, வெளிய போய் வந்தா விரல் இடுக்கில நெருஞ்சி முள்ளு.

---

ஆரையம்பதி மணல்ரோட்டு:

விலாவில விட்டது நல்ல வேலை.

ஆணத்தை நிப்பாட்டுங்க தங்கச்சி. தாடிக்கு மட்டுமில்ல, உப்பும் கொச்சிக்காயும் வெங்காயமும் நாய்க்குக் கூடாது. மீனைச் சும்மா தண்ணியில அவிச்சு முள்ளெடுத்துக் குடுங்க. திண்டு முடிஞ்ச கையோட தாடியை வெறுந்தண்ணியில கழுவி, துவாயால ஒத்தி, பல் அகண்ட சீப்பால அடியிலயிருந்து வாருங்க. ஈரத்தோட விட்டாத்தான் நாத்தம் வாறது. மஞ்சள் கறை ஏறின முடி திரும்ப வெளுக்காது, வளர வளர நுனியை எடுத்துக்கொண்டு வாங்க.

காலுக்கு: மெத்தைக்கு இடையில நிக்கிற முடியை மெத்தை மட்டத்துக்கு வெட்டி விடுங்க, முள்ளுக்குப் பிடிக்க ஒண்டும் இருக்காது. அதே நேரம் நகத்தையும் பாருங்க. கறுப்பு நகமெண்டா ஒரே வெட்டில வெட்டாம மெல்லிசு மெல்லிசாச் சீவி எடுங்க. வெட்டின முகத்தின்ட நடுவில கறுப்புப் புள்ளி தெரிஞ்சா அதோட நிப்பாட்டுங்க.

காது ஓரத்தைத் தனிய தொடங்க வேணாம், அங்க தோல் கடதாசி மாதிரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொக்கியைக் கூட்டிக்கொண்டு ஆரையம்பதிப் பக்கம் வாங்க, நான் எடுத்துக் காட்டுறன். அம்மாவையும் கூட்டி வாங்க. வாறதுக்கு முதல் கிழமை குளிப்பாட்டாதீங்க.