அங்காராவின் அனித்கபீர்: கல்லில் விரித்த கிலிம்

கரூர் ஏற்றுமதியாளர் ஒருவருக்காக விரிப்பு மாதிரிகளுடன் துருக்கி சென்றிருந்தபோது, துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் அத்தாதுர்க்கின் நினைவிடமான அனித்கபீரைக் காணும் வாய்ப்பு அமைந்தது. பவானியில் ஜமக்காளத் தறிகளுக்கு நடுவே வளர்ந்தவன் என்பதால், அத்தனை பெரிய கட்டடத்தில் என்னை நிறுத்தி வைத்தது அதன் தரைதான்.

முதலில் 262 மீட்டர் நீளமுள்ள சிங்கப் பாதை வருகிறது. இருபுறமும், அந்நிலத்தின் பண்டைய மக்களான ஹிட்டைட்டுகளின் சிற்ப மரபில் செதுக்கிய 24 சிங்கங்கள், துருக்கியரின் மூதாதையரான ஒகுஸ் துருக்கியரின் 24 குலங்களுக்கு அடையாளமாகப் படுத்திருக்கின்றன. நடைபாதைக் கற்களுக்கு இடையே சுமார் 5 செ.மீ. இடைவெளி விட்டுப் புல் வளர்த்திருப்பதால், கால் இடறாமலிருக்க ஒவ்வோர் அடியையும் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. தலை தானாகக் குனிகிறது. பலகை எழுதிக் கேட்காமல் நடையிலேயே பணிவை வரவழைத்த எமின் ஒனாத், ஒர்ஹான் அர்தா ஆகிய கட்டடக் கலைஞர்களின் நுட்பம் வியக்கத்தக்கது.

பாதையின் முடிவில் 129 மீட்டர் நீளமும் 84 மீட்டர் அகலமும் கொண்ட முற்றம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை டிராவர்டைன் என்னும் சுண்ணாம்புக் கற்களால் அதன் தரையில் 373 கிலிம் கோலங்களைப் பதித்திருக்கிறார்கள். முடிச்சுப் போடாமல், பாவு (நீளவாட்டு நூல்) மறையும்படி ஊடையை (குறுக்கு நூலை) நெருக்கி அடித்து நெய்யும் தட்டை விரிப்பே கிலிம். துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் கிராமத்துப் பெண்களின் கைவேலை அது. குனிந்து, சிவப்புக் கல்லும் கறுப்புக் கல்லும் சந்திக்கும் இடத்தைத் தடவிப் பார்த்தேன். டிராவர்டைனுக்கே உரிய சிறு துளைகள்தான் விரலுக்குத் தட்டுப்பட்டன. உள்ளே பிரதான மண்டபத்தின் விதானத்திலும் அதே கிலிம் கோலங்கள் பொன் மொசைக்கில் மின்னுகின்றன. உயர்ந்த சதுரத் தூண்கள் மட்டும் இருந்திருந்தால் இது அரசின் வலிமையைக் காட்டும் கட்டடமாக நின்றிருக்கும் என்பதே என் எண்ணம். குடியரசை நிறுவியவரை மக்களின் நெசவுக்கு நடுவே கிடத்தியதுதான் இதன் பெருமை.

1938இல் மறைந்த அவரது உடல், 1944இல் தொடங்கிய கட்டுமானம் நிறைவெய்தும்வரை இனவியல் அருங்காட்சியகத்தில் இருந்து, 1953 நவம்பர் 10 அன்று இங்கு கொண்டுவரப்பட்டது. மண்டபத்தில் காணும் 40 டன் எடையுள்ள ஒற்றைக் கல் பேழை அடையாளத்துக்கானதே. அதற்கு நேர்கீழே உள்ள எண்கோண அறையில், நாட்டின் எல்லா மாகாணங்களிலிருந்தும் கொண்டுவந்த மண் சூழ அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

நம் பகுதி நெசவாளர்கள் அங்காரா செல்ல நேர்ந்தால், கூட்டத்தோடு மண்டபப் படிகளுக்கு விரையாமல், முற்றத்தின் ஓரமாகச் சற்று நேரம் நடந்து அந்தக் கோலங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுகிறேன்.