மூணாங்கிளாஸ் பசங்க சொன்ன பேச்ச கேக்க மாட்டேங்கிறாங்க, கத்தாம எப்படி சமாளிக்கிறது?

கேள்வி – பயிற்சி மாணவி

டி.எல்.எட், அதாவது தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சி, ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், ஒரு அரசு தொடக்கப் பள்ளியில டீச்சிங் ப்ராக்டிஸ் போட்டிருக்காங்க, மூணாங்கிளாஸ், 27 பசங்க. மொத நாளே கைய புடிச்சிக்கிட்டு அக்கா அக்கான்னு சுத்தி வந்தாங்க, எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த வாரமே ஒருத்தரும் உக்கார மாட்டேங்கிறாங்க. எழுத்து, கணக்கு அடிப்படை சொல்லித் தர்ற அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' பாடத்துக்கு, பசங்க கத்துக்கிட்ட அளவ வச்சு அரும்பு, மொட்டு, மலர்னு குரூப் பிரிச்சு, நான் மொட்டு பசங்ககிட்ட குனிஞ்சா போதும், அரும்பு பக்கம் சண்டை ஆரம்பிச்சிடுது. நேத்து தாங்க முடியாம கத்திட்டேன். டக்குனு அமைதி ஆயிட்டாங்க, ஆனா எப்பவும் என் துப்பட்டா நுனிய புடிச்சிக்கிட்டே நிக்கிற பொண்ணு ஒண்ணு சாயங்காலம் வரைக்கும் கிட்டயே வரல. ராத்திரி தூக்கமே இல்ல. அவங்க கிளாஸ் டீச்சர் கையில குச்சி கூட இல்ல, அவங்க வாசல்ல வந்து நின்னாலே எல்லாரும் நோட்ட எடுத்துடுறாங்க. அது எப்படிங்க?

பதில் – இடைநிலை ஆசிரியை, 19 வருஷம்

தங்கச்சி, அந்த அமைதி ஒரே நாள்ல வந்தது இல்லம்மா. அவங்க ஜூன்ல இருந்து ஒரே மாதிரி இருந்திருப்பாங்க. "இனிமே பேசினா வெளிய அனுப்பிடுவேன்"னு சொல்லிட்டு நாம அனுப்புறது இல்ல, ரெண்டாவது தடவையே பசங்களுக்கு புரிஞ்சிடும். செய்ய முடியாதத சொல்லாத, சொன்னா கண்டிப்பா செய். நான் கைய தூக்கிட்டு சும்மா நிப்பேன், கடைசிப் பையன் திரும்புற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன், ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் கூட ஆகும், பொறுத்துக்கணும். அப்புறம் லீடர விட்டு பேசுறவங்க பேர போர்டுல எழுத வைக்காத, அது பசங்களுக்குள்ள பகைய வளர்க்கும். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு அடிக்கிறத மட்டும் தடுக்கல, மனசு நோக வைக்கிறதையும் சேர்த்துத்தான் தடுக்குது, "மக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் அதுல வரும்.

பதில் – மலைப்பகுதி ஆசிரியர்

மேடம் சொல்றது சரிதான், ஆனா சேட்டை பண்ற பையன் ஏன் பண்றான்னும் பாக்கணும். என் கிளாஸ்ல ஒருத்தன் தினமும் மொத பீரியட்ல பக்கத்துல இருக்கிறவன கிள்ளிக்கிட்டே இருப்பான், திட்டிப் பாத்தேன், தனியா உக்கார வச்சும் பாத்தேன். ஒரு நாள் கேட்டா, வீட்ல மாட்ட அவுத்து விட்டுட்டு ஓடி வர்றதால காலைச் சாப்பாடு முடிஞ்ச பிறகுதான் ஸ்கூலுக்கே வர்றானாம். 2023ல இருந்து எங்க ஸ்கூல்லயும் காலை உணவு போடுறாங்க, அவனுக்கு மட்டும் ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொன்னேன். கிள்ளுறது நின்னுடுச்சு. அக்கான்னு கூப்பிட்டா கூப்பிடட்டும், அதுல மரியாதை ஒண்ணும் குறையாது.

பதில் – பி.எட் முடிச்சவர்

அந்தப் பொண்ணுகிட்ட போய் "நேத்து அக்கா கத்திட்டேன், தப்புதான்"னு சொல்லுங்க.

பதில் – இடைநிலை ஆசிரியை, 19 வருஷம்

சொல்லலாம், ஆனா மொத்த கிளாஸ் முன்னாடியும் சொல்லணும், கத்தினது எல்லார் மேலயும்தானே. அதோட சண்டை போட்டது தப்புங்கிறதையும் விட்டுடாம சொல்லு.

பதில் – பயிற்சி மாணவி

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னைக்கு காலையில சொன்னேன், ஒரு பையன் "பரவால்லக்கா"ன்னுட்டான். கைய தூக்கி நின்னேன், ஏழு நிமிஷம் ஆச்சு, கை வலிச்சிடுச்சு, ஆனா கத்தல. அந்தப் பொண்ணு துப்பட்டாவ புடிக்கல, மத்தியானம் மட்டும் நோட்ட கொண்டாந்து என் மேசையில வச்சிட்டு ஓடிப் போயிடுச்சு. இன்னொண்ணு கேக்கணும், நான் மொட்டு குரூப்ல இருக்கும்போது அரும்பு பசங்களுக்கு தனியா என்ன வேலை குடுக்கலாம்? எண்ணுறதுக்கு பாசிமணி, புளியங்கொட்டை எல்லாம் இருக்கு.