மெர்சட் ஆத்து பிளானுக்கு கிளைம்பர்ஸ் (பாறை ஏறுறவங்க) நாம எதுக்கு கமெண்ட் எழுதணும்? (2013ல நடந்த பேச்சு)

ஸ்லாப்_சரவணன்:
எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழம கலிஃபோர்னியா யோசெமிட்டி தேசிய பார்க்ல, பாறை ஏறுறவங்க தங்கற கேம்ப் 4ல சைட் (கூடாரம் போடற எடம்) வாங்க கியாஸ்க் முன்னாடி விடியறதுக்கு முன்னாடியே வரிசைல உக்காந்திருந்தோம், செம குளிரு, ஸ்லீப்பிங் பேக்க இடுப்பு வரைக்கும் ஏத்திக்கிட்டு ஹெட்லேம்ப் வெளிச்சத்துல டீ போட்டுட்டிருந்தேன். எனக்கு முன்னாடி இருந்த பெரியவர் ஒருத்தர் திரும்பி, மெர்சட் ரிவர் பிளானுக்கு, அதாவது பார்க்ல ஓடற மெர்சட் ஆத்துக்காக பார்க் சர்வீஸ் போடற திட்டத்துக்கு, கமெண்ட் போட்டாச்சான்னு கேட்டார். இல்லன்னு சொன்னதும் அவர் முகமே மாறிடுச்சு. இந்த மாசத்தோட முடியுது, உங்கள மாதிரி ஆளுங்க எழுதாம யாரு எழுதுவான்னு கேட்டுட்டு திரும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த டிராஃப்ட்ட திறந்து பாத்தேன், 2,000 பக்கத்துக்கு மேல இருக்கு. ஆத்தங்கரை, ஈரநிலம், பாலம், ராஃப்ட் வாடகை, குதிரை சவாரி, ஐஸ் ரிங்க்னு போயிட்டே இருக்கு. நான் பாறை ஏறுறவன், ஆத்துல கால் கூட நனைக்கிறது இல்ல. இதுல எனக்கு என்ன இருக்குன்னு நெஜமாவே புரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_கயிறு:
தம்பி, பேருல தான் ஆறு இருக்கு, உள்ள இருக்கறது மொத்த யோசெமிட்டி வேலியும் (பள்ளத்தாக்கு). கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படி.

ஆறுகள பாதுகாக்க 1968ல வந்த சட்டப்படி மெர்சட்ட 1987ல பாதுகாக்கப்பட்ட ஆறா அறிவிச்சாங்க, மொத்தம் 122 மைல், அதுல 81 மைல் பார்க்குக்குள்ளயும் பக்கத்துல இருக்கற எல் போர்ட்டல்லயும் வருது. அப்படி அறிவிச்சா ஆத்தோட ரெண்டு கரையிலயும் சுமார் கால் மைல் வரைக்கும் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது, எவ்வளவு பேர் வரலாம்னு பிளான் போட்டே ஆகணும். இப்ப நீயே கணக்கு போடு. யோசெமிட்டி வேலி ரொம்ப அகலமான எடத்துல கூட ஒரு மைல் தான் இருக்கும், நடுவுல ஆறு ஓடுது. இந்தப்பக்கம் கால் மைல் அந்தப்பக்கம் கால் மைல்னா பாதி வேலி அதுலயே போச்சு. மீதி செங்குத்துப் பாறையும் அதுக்குக் கீழ சரிஞ்சு கெடக்கற கல்லும் தான். அப்ப நீ தூங்கற எடம், வண்டி விடற எடம், குளிக்கற எடம், எல் கேப்புக்கு (எல் கேப்பிட்டன்ங்கற பெரிய செங்குத்துப் பாறை) நடக்க ஆரம்பிக்கற எடம் எல்லாத்தயும் முடிவு பண்றது இந்த ஆத்து பிளான் தான்.

நான் இவ்வளவு அடிச்சு சொல்றதுக்குக் காரணம் 1997. அந்த ஜனவரில வந்த வெள்ளத்துல லாட்ஜ் கேபின்கள், ஆத்தங்கரை கேம்ப்கிரவுண்டுங்க எல்லாம் அடிச்சிட்டு போச்சு. போன கட்டடத்துக்கு பதிலா புதுசா எங்க கட்டலாம்னு பாத்தப்ப கைகாட்டின எடம் கேம்ப் 4 பக்கம். வெள்ளம் எட்டாத மேடு, பாக்கறதுக்கு மரமும் தூசியும் நாலு பெரிய கல்லும், காலியா கெடக்கற எடம் மாதிரி தான் மேப்ல தெரிஞ்சிருக்கும். அந்தக் கல்லுல ஒண்ணு கொலம்பியா போல்டர், அதுல தான் மிட்நைட் லைட்னிங்ங்கற பேர்போன ஏறுற பாதை இருக்குன்னு மேப்ல எழுதி இருக்காது இல்லயா.

அப்ப டாம் ஃப்ராஸ்ட், எல் கேப்ல சலாத்தே வால்ங்கற பாதைய 1961ல முதன்முதலா ஏறின மூணு பேர்ல ஒருத்தர், அவர் தான் முன்ன நின்னு ஆள் சேத்து கேஸ் போட்டார், அமெரிக்கன் ஆல்பைன் கிளப்பும் கூட நின்னுச்சு. கட்டடத் திட்டம் நின்னுச்சு. அதோட விடாம 2003 பிப்ரவரில கேம்ப் 4 தேசிய வரலாற்றுச் சின்னங்க பட்டியல்லயே ஏறிடுச்சு. ஒரு தூசி புடிச்ச கேம்ப்கிரவுண்டு, பாறை ஏறுற கலை வளந்த எடம்ங்கற ஒரே காரணத்துக்காக! நீ சனிக்கிழம உக்காந்திருந்த அந்த வரிசை இன்னிக்கும் இருக்குன்னா அன்னிக்கு சில பேர் மலையேறறத ஒதுக்கி வச்சிட்டு பேப்பர் எடுத்து எழுதினதால தான்.

கிராக்_குமரன்:
பழையகயிறு சொல்றது சரி தான், ஆனா எனக்கு ஒரு சலிப்பு இருக்குங்க. 2000ல ஒரு பிளான், கோர்ட்டுல அடிபட்டுச்சு, 2005ல திருத்தி ஒண்ணு, 2008ல அதுவும் அடிபட்டுச்சு, 2009ல சமரசம், இப்ப 2013ல மறுபடி டிராஃப்ட். நான் முதல் பிளானுக்கு எழுதினப்ப எனக்கு தலை நரைக்கல. ஆயிரக்கணக்குல கமெண்ட் வரும், அதுல நம்ம ஒண்ண யாரு படிக்கப் போறா?

மெர்சட்_மீனா:
குமரன் அண்ணா, அந்த 2008 தீர்ப்பு எதுக்காக வந்துச்சுன்னு பாருங்க. எவ்வளவு பேர் வந்தா ஆறு தாங்கும்னு பிளான்ல தெளிவா கணக்கு இல்லங்கறது அதுல முக்கியமான குறை. அதனால இந்தத் தடவ கண்டிப்பா நம்பர் போடுவாங்க, ஒரு நாளைக்கு இத்தன பேர், ராத்திரி தங்க இத்தன சைட், வண்டி விட இத்தன எடம்னு. நம்பர் எழுதறப்ப நாம இல்லன்னா அப்புறம் வருஷக்கணக்கா அந்த நம்பரோட தான் வாழணும்.

யாரு படிப்பாங்கன்னா, இந்த டிராஃப்ட் மாதிரி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கு வர்ற விஷயமுள்ள கருத்துக்கு அவங்க பதில் சொல்லியே ஆகணும், சட்டம் அது. ஆனா இது வோட்டு இல்ல. நூறு பேர் ஒரே லெட்டர காப்பி அடிச்சு அனுப்பினா அது ஒரே கருத்து தான். "கேம்ப் 4 ரொம்ப பிடிக்கும், காப்பாத்துங்க"ன்னு எழுதினா பதில் சொல்ல அதுல ஒண்ணும் இல்ல. அவங்களுக்குத் தெரியாத ஒண்ண சொல்லணும்.

உதாரணத்துக்கு, எல் கேப் ஏறப் போறவங்க மூணு நாலு நாள் பாறைச் செவுத்துலயே இருப்பாங்க, வண்டி அதுவரைக்கும் கீழ நிக்கணும். பகல்ல வந்து சாயந்தரம் போறவங்களுக்குன்னு போடற பார்க்கிங் கணக்குல இது வராது. ஷட்டில் பஸ்ல வாங்கன்னா முப்பது கிலோ ஹால் பேக்கோட (பாறைல கயித்துல இழுத்து ஏத்தற மூட்டை) விடிகாலை நாலு மணிக்கு எந்த ஷட்டில் வரும்? அப்புறம் மே 1லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் வேலில ஏழு ராத்திரி தான் தங்கலாம்ங்கற ரூல். நல்ல வெதருக்கு காத்திருந்து ஒரு பெரிய செவுரு ஏறுறவங்களுக்கு ஏழு ராத்திரி எங்க பத்தும்? இதெல்லாம் நம்மள விட்டா வேற யாருக்கும் தோணாது.

இன்னொண்ணு, இத நான் மனசார சொல்றேன், நமக்கு வேணுங்கறத மட்டும் கேக்காதீங்க. எல் கேப் புல்வெளில நின்னு மேல பாருங்க, அப்புறம் கீழயும் பாருங்க. ரோட்டுலேர்ந்து ஆறு வரைக்கும் ஏழெட்டு ஒத்தையடிப் பாதை, புல்லே இல்லாம மண்ணு சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருக்கு, தண்ணி ஊத்தினா உள்ள எறங்காம ஓடுது. அதுல நம்ம ஷூவும் இருக்கு. அங்க பாதைய ஒழுங்குபடுத்தி புல்லு திரும்ப வளர விடற யோசனை டிராஃப்ட்ல இருக்கு, நான் அதுக்கு ஆதரவா எழுதியிருக்கேன். 2004லேர்ந்து வருஷா வருஷம் ஃபேஸ்லிஃப்ட்னு கிளைம்பர்ஸ் நாமளே குப்பை பொறுக்கறோம், அந்த அக்கறை இந்தப் பேப்பர்லயும் தெரியணும்.

கிராக்_குமரன்:
சரிம்மா. பார்க்கிங் விஷயம் எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்கு ராத்திரி எழுதறேன்.

ஸ்லாப்_சரவணன்:
ரொம்ப நன்றி பழையகயிறு அண்ணா, மீனா. ஒரு சந்தேகம், கேக்கறதுக்கே தயக்கமா இருக்கு. நான் இங்க வேலை விசால இருக்கேன், சிட்டிசன் இல்ல. என்ன மாதிரி ஆளு இவங்க நாட்டு பார்க்க பத்தி கருத்து சொல்லலாமா? ஏதாவது பிரச்சனை ஆயிடுமா?

பழைய_கயிறு:
தாராளமா சொல்லலாம் தம்பி. கமெண்ட் போட குடியுரிமை கேக்க மாட்டாங்க, யாரு வேணா எழுதலாம், வேற நாட்டுல இருந்து கூட எழுதலாம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, நீ எழுதறது பொதுவுல வெளிய வரலாம், அதனால போன் நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாம் கருத்துக்குள்ள எழுதி வைக்காத.

பூரா 2,000 பக்கமும் படிக்க வேண்டாம். ஒண்ணுமே மாத்தாம விடறதயும் சேத்து ஆறு ஆப்ஷன் வச்சிருக்காங்க, அதுல அவங்க விரும்பறது அஞ்சாவது. அதுல கேம்ப்கிரவுண்டு, பார்க்கிங் பகுதிய மட்டும் படி. கேம்ப் 4ஐ கிழக்குப் பக்கம் பெருசாக்கற யோசனை அங்க இருக்கு, அத நாம கண்டிப்பா ஆதரிக்கணும், ஏன் வேணும்னு காரணத்தோட.

ஸ்லாப்_சரவணன்:
எழுதிட்டேன், அனுப்பறதுக்கு முன்னாடி பாத்து சொல்லுங்க. தமிழ்ல இது தான் சாரம்: "நான் கேம்ப் 4ல அடிக்கடி தங்கறவன். போன சனிக்கிழம விடியறதுக்கு முன்னாடி வரிசைல நின்னேன், எனக்கு முன்னாடியே நிறைய பேர் இருந்தாங்க. சைட் கிடைக்காம நிறைய பேர் திரும்பிப் போனாங்க. கிழக்குப் பக்கம் நடந்து போய் தங்கற சைட் கூட்டினா நல்லது. எல் கேப் புல்வெளிய சரி பண்றத ஆதரிக்கறேன், அங்க பல நாள் நிக்கற வண்டிக்கு தனி எடம் வேணும்."

மெர்சட்_மீனா:
நல்லா இருக்கு சரவணன். "நிறைய பேர்"ங்கறத மட்டும் எடுத்துடுங்க. நீங்க எத்தன மணிக்கு வந்தீங்க, உங்களுக்கு முன்னாடி எத்தன பேர், எத்தன பேருக்கு சைட் கிடைக்கல, அவங்க ராத்திரி எங்க போய் தங்கினாங்க, தெரிஞ்ச வரைக்கும் நம்பரா போடுங்க. அப்புறம் அனுப்பிடுங்க.