புதுப்பிப்பு: மகள் இரவில் படுக்கையை நனைப்பது பற்றி

பகலில் கழிப்பறைப் பழக்கம் நன்றாக வந்துவிட்ட நாலு வயது மகள் இரவில் மட்டும் படுக்கையை நனைக்கிறாள், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது பெரும்பாலான நாட்கள் நனைப்பதில்லை.

மலச்சிக்கலைச் சரிசெய்ததுதான் பெரிய மாற்றம் தந்தது. குடலில் தங்கும் மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். குழந்தை மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். கீரை, கொய்யா, பகல் முழுக்கத் தாராளமாகத் தண்ணீர். படுக்கப்போகும் நேரத்துப் பாலைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். அப்புறம் தூங்குமுன் ஒருமுறை கழிப்பறை. நடுராத்திரியில் எழுப்பிக் கூட்டிப்போவது அன்றைய படுக்கையைக் காக்குமே தவிர, பிள்ளை தானாக விழிக்கப் பழக்காது என்றார், அதனால் எழுப்புவதில்லை.

இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் சில குழந்தைகளுக்குத் தாமதமாகத்தான் போதிய அளவு சுரக்கும். 5 வயதுக்குள் இது நோயே இல்லை. தயவுசெய்து பிள்ளையைத் திட்டாதீர்கள், சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிக் கூச வைக்காதீர்கள்.

ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால், சிறுநீர் போகும்போது எரிந்தால், தாகம் அதிகமானால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

ரப்பர் ஷீட்டை இன்னும் எடுக்கவில்லை, சளி காய்ச்சல் நாட்களில் தேவைப்படுகிறது.